கம்பெனிப் பாட்டும் வூட்டுப் பாட்டும்

சவ ஊர்வலத்தின் முன்னால், பூ இறைக்கிறவருக்கும் பேண்டுக்காரர்களுக்கும் நடுவில், பீம்ராவ் பின்பக்கமாக நடந்துகொண்டிருக்கிறார். கையில் செல்பேசி. அதைக் கிளாரினெட்டின் வாய்க்கு ஒரு முழ தூரத்தில் நீட்டிப் பிடித்திருக்கிறார். செத்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது. சொந்தக்காரர்கள் அவரைப் பேண்டு கோஷ்டி என்று நினைக்கிறார்கள். பேண்டு கோஷ்டி அவரைச் சொந்தக்காரர் என்று நினைக்கிறது. வெடி வைக்கிற இடம் வந்ததும் காதைப் பொத்தாமல் செல்பேசியைப் பொத்துகிறார். வாசிப்பு முடிந்ததும் ஓரமாக ஒதுங்கி, பதிவானதைக் காதில் வைத்துக் கேட்டு, தலையை ஆட்டிக்கொண்டே பஸ் ஏறி வேலைக்குப் போய்விடுவார்.

வேலை எர்ணாவூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில். பெட்டிகளைக் கவ்வித் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ராட்சத வண்டியின் ஓட்டுநர். நான் அதே யார்டின் வாசலில் உட்கார்ந்து லாரிகளுக்குக் கேட் பாஸ் எழுதுகிறவன். நாற்பது அடிப் பெட்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டுக் கீழே யாரோ ஒரு கிளீனர் பாடுவதைக் கேட்கும் மனிதரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மேனேஜரும் பார்த்ததில்லை. அதனால்தான் பீம்ராவுக்கு மாதம் ஒரு முறையாவது மெமோ வரும்.

அவருடைய பைத்தியம் இதுதான்: எல்லோருக்கும் தெரிந்த பாட்டு வேண்டும், ஆனால் அதைப் பாடிப் புகழ் பெற்றவர் பாடியதாக இருக்கக் கூடாது. வேறு யாராவது பாடியிருக்க வேண்டும், அல்லது வாசித்திருக்க வேண்டும். சினிமாவில் வந்தபடி இருப்பதற்குக் கம்பெனிப் பாட்டு என்று பெயர் வைத்திருக்கிறார். அதே பாட்டை இன்னொருவர் எடுத்துத் தன் இஷ்டத்துக்குப் பாடினால் அது வூட்டுப் பாட்டு.

"கம்பெனி சட்ட எல்லாருக்கும் ஒரே சைஸு நைனா. அத்த டெய்லராண்ட குட்த்து, கைய கொற்ச்சி, இடுப்ப புட்ச்சி தெச்சிக்கிறான் பாரு, அப்பதான் அது அவன் சட்ட" என்பார்.

அதற்காக யார் எப்படிப் பாடினாலும் ஏற்றுக்கொள்வார் என்று நினைத்துவிட வேண்டாம். கறாரான மனிதர். மூச்சுக் காற்றை அவர் தம்மு என்பார். அது போதாமல் சுருதியைத் தவறவிட்டால் அது தப்பு. தெரிந்தே வேறு வழியாகப் போனால் அது ஷோக்கு. "தடுக்கி வுயறவனும் கீய தான் போறான், குதிக்கிறவனும் கீய தான் போறான். ரெண்டும் ஒன்னா?" என்று கேட்பார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி நான் இதுவரை ஜெயித்ததில்லை.

அவருக்குப் பிடித்த வூட்டுப் பாட்டுகளில் முதல் வரிசையில் இருப்பவை சில. ராசையா என்ற கிளாரினெட்காரர் வாசிக்கும் ஒரு காதல் பாட்டு. கல்யாணத்தில் துள்ளலாக வாசிப்பதைச் சாவுக்குப் பாதி வேகத்தில் வாசிப்பார். ராசையாவுக்கு முன்பல் விழுந்த பிறகு காற்று கொஞ்சம் கசிகிறது. அந்தக் கசிவுக்குப் பிறகுதான் பாட்டு களைகட்டுகிறதாம். கல்யாண வாசிப்பைப் பீம்ராவ் சீந்த மாட்டார்.

அடுத்தது ராயபுரத்தில் பதிவு செய்தது. கிறிஸ்துமஸுக்கு முன் வீடுவீடாகப் பாடிவரும் கோஷ்டி ஒன்று, சினிமா மெட்டு ஒன்றுக்குக் குழந்தை ஏசுவைப் பற்றிய வரிகளைப் போட்டுப் பாடுகிறது. பின்வரிசையில் ஒரு பெண்மணிக்குப் புது வரிகள் மனப்பாடம் இல்லை. மாட்டுத்தொழுவம் வருகிற இடத்தில் அவர் மட்டும் பழைய சினிமா வரிக்கே போய், இடுப்பு, கொடி என்று பாடிவிட்டு, பட்டென்று நிறுத்தி, ஆமென் மட்டும் சத்தமாகச் சொல்கிறார். பீம்ராவ் இதைக் கேட்டுச் சிரிப்பதில்லை. அந்தப் பட்டென்று நிறுத்துகிற இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் இரும்புக் கடை வைத்திருக்கும் கன்னியாகுமரிக்காரர் ஆன்றோவும் வரிசையில் உண்டு. ஆணி நிறுக்கும்போது அவர் ஒரு தாலாட்டை முனகுவார். தராசு நிலைக்கு வரும்வரை ஒரே சுரத்தில் இழுத்துப் பிடித்திருந்து, முள் நின்றதும் அடுத்த அடிக்குப் போவார். இதைக் கேட்பதற்காகவே தேவையில்லாத ஆணிகளை வாங்கி வாங்கிப் பீம்ராவின் வீட்டில் ஒரு டப்பா நிறைந்துவிட்டது. ஒருநாள் விஷயத்தைச் சொன்னபோது ஆன்றோ பதறிப்போய், "பாட்டா? நான் எப்பம் பாடுனேன்?" என்றாராம். அன்றிலிருந்து வாயைத் திறக்காமல் நிறுக்கிறார். நல்ல ஒரு பாட்டைக் கெடுத்துவிட்டோமே என்று பீம்ராவுக்கு இன்றும் வருத்தம். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்ற பாடத்தை அங்கேதான் படித்தார்.

லாரிகள் பின்னால் வரும்போது பாடும் ஹாரனைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒரு மத்தியானம் முழுக்க எங்களுக்குள் விவாதம் நடந்தது. சேராது என்று தீர்ப்பளித்தார். மனுஷ மூச்சு வேண்டுமாம்.

இந்த ஆர்வத்தால் ஒருமுறை அடிவாங்கப் பார்த்தார். வியாசர்பாடியில் ஒரு சாவு வீட்டில் கானா பாடுகிறவர், ஊரறிந்த ஒரு தாய்ப் பாட்டை எடுத்துச் சட்டி மேளத்துக்கு ஏற்றபடி உடைத்து உடைத்துப் பாடிக்கொண்டிருந்தார். உருக்கமான இடத்தில் தெருமுனையில் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துப் பதிவைக் கெடுத்தது. பீம்ராவ் தன்னை மறந்து, பாடை பக்கத்தில் இருக்கிறது என்பதையும் மறந்து, "இன்னொரு தபா" என்று கூவிவிட்டார். சாவு வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இன்னொரு தபா மட்டும் கேட்கக் கூடாது. மேளம் நின்றது. செத்தவரின் மருமகன்கள் எழுந்தார்கள். கானாக்காரரே நடுவில் புகுந்து, ரசிகன், போகட்டும் என்று சொல்லிக் காப்பாற்றி அனுப்பினார். பேட்டையில் அவருக்கு ஒன்ஸ்மோர் பீம்ராவ் என்று பெயர் நிலைத்தது அன்றைக்குத்தான்.

இத்தனை பேர் பாடுவதைத் தேடிப்போய்க் கேட்கிறவர் தான் மட்டும் பாட மாட்டார். வாலிபத்தில் நண்பன் கல்யாணத்தில் மேடையேறிப் பாடி, கூட்டம் ஊளையிட்டு இறக்கிவிட்டதாம். "நமக்கு காதத்தான் குட்த்தான். தொண்டய குட்க்கல" என்பதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்வார்.

அவர் மனைவி பெயர் ரமாபாய். தற்செயல் அல்ல. பீம்ராவின் அப்பா பௌத்தம் தழுவியவர், கொள்கைப் பிடிப்புள்ளவர், மூத்த மகனுக்கு அண்ணலின் பெயரை வைத்தவர். பெண் தேடும்போது ரமாபாய் என்று அண்ணலின் மனைவி பெயரைக் கேட்டதும் வேறு எதையும் விசாரிக்காமல் தட்டை மாற்றிவிட்டார். பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டவர்களிடம், பேர் ஒன்று போதும் என்றாராம். ரமாபாய்க்குச் சமைக்கவும் தெரிந்திருந்தது, சண்டை போடவும் தெரிந்திருந்தது. இவர்களுக்கு ஒரே மகள், எழில்மொழி. நர்ஸ் வேலைக்குப் படிக்கிறாள்.

இந்த ரமாபாய் ஒரு பாட்டுப் பாடுவார். புளியந்தோப்பில் அவர்கள் குடியிருக்கும் ஹவுசிங் போர்டு வீட்டுக்குக் கீழே அடி பம்ப்பு இருக்கிறது. காலையில் தண்ணீர் வருகிற நேரத்தில், பம்ப்பு அடித்துக்கொண்டே, அந்தச் சத்தமே தாளமாக, ஒரு ஓடக்காரன் பாட்டைப் பாடுவார். எந்தப் பாட்டு என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் இதைப் படிப்பதை விட்டுவிட்டு நீங்கள் அதைப் பாட ஆரம்பித்துவிடுவீர்கள். அந்த அளவுக்குத் தெரிந்த பாட்டு. சரணத்தின் மூன்றாவது அடியில் சினிமாப் பாட்டு நேராக மேலே ஏறும். ரமாபாய் அங்கே ஏற மாட்டார். இரண்டு படி கீழே இறங்கி, கொஞ்சம் நின்று, அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி உச்சியைப் பிடிப்பார்.

பீம்ராவைப் பொறுத்தவரை தமிழில் பாடப்பட்ட வூட்டுப் பாட்டுகளிலேயே தலைசிறந்தது இதுதான். யார்டில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் அந்த இறங்கி ஏறும் இடத்தைக் கையை அசைத்து அசைத்து விளக்கிக் காட்டுவார். கம்பெனிக்காரனுக்கு அந்த இடத்தில் இறங்கத் தோன்றவே இல்லை, என் வீட்டுக்காரிக்குத் தோன்றியது பார் என்பார். ஆனால் பதிவு மட்டும் கிடையாது. செல்பேசியைப் பார்த்தாலே ரமாபாய் வாயை மூடிக்கொள்வார். வருடக்கணக்கில் ஊரெல்லாம் நெய்க்கு அலைந்த மனிதர், வீட்டிலிருந்த வெண்ணெயை உருக்க முடியாமல் தவித்தார்.

போன வருடக் கடைசியில் ரமாபாயின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு, ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்றார்கள் அரசு மருத்துவமனையில். குரலை வைத்துச் செய்கிற வேலை ஏதாவது உண்டா, டீச்சர் வேலை, பாட்டு, இப்படி, என்று கேட்டார் அங்கிருந்த இளம் டாக்டரம்மா.

"கொயாயடில கத்துறதோட சரி" என்றார் ரமாபாய்.

"பாடும் மேடம்" என்று குறுக்கே புகுந்தார் பீம்ராவ்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கியிருக்கிறார். குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டிக்கொண்டு போகிறது. பார்த்துத்தான் எடுப்போம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சில சமயம் குரல் கம்மிப்போகலாம், மேல் சுருதி எட்டாமல் போகலாம். இதில் ரமாபாயின் காதில் விழுந்தது பெரும்பாலும் என்ற வார்த்தை. பீம்ராவின் காதில் விழுந்தது சில சமயம் மட்டும்.

அதற்குப் பிறகு அவர் யார்டில் பெட்டியை அந்தரத்தில் நிறுத்தவே இல்லை. கிளீனர்கள் பாடினால்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. பயந்துபோயிருந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் அந்தப் பாட்டை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் மண்டைக்குள் இருந்தது. கேட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், எழில்மொழியை விட்டுச் சொல்லச் சொன்னார். ரமாபாய் மசியவில்லை. குரல் போனால் போகிறது, உயிர் இருந்தால் போதாதா என்று மகளிடம் எரிந்து விழுந்தார். அப்படிச் சொன்னவர் அடுப்படியில் தனியாக நிற்கும்போது, அந்த உச்சி இடத்தை மட்டும் மெல்லிய குரலில் தொட்டுத் தொட்டுப் பார்த்ததை எழில்மொழி கேட்டிருக்கிறாள்.

கடைசியில் பீம்ராவ் ஒரு வேலை செய்தார். செல்பேசியைப் பதிவில் போட்டு, பம்ப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் ஒளித்துவைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அன்றைக்கென்று ரமாபாய் பாடவில்லை. பதிவானதெல்லாம் பம்ப்புச் சத்தமும், எதிர்வீட்டுப் பச்சையம்மா தன் மருமகளைப் பற்றி மூச்சுவிடாமல் பேசியதும்தான். பக்கெட்டை நிமிர்த்தியவரும் பச்சையம்மாவே. என் வாயை ரெக்கார்டு பண்ணி மருமகளுக்குப் போட்டுக் காட்டவா என்று அவர் போட்ட சத்தத்தில் மூன்று மாடியும் எட்டிப் பார்த்தது. அவர் கண் முன்னாலேயே அதை அழித்த பிறகுதான் விட்டார்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் பீம்ராவ் வேலைக்கு வந்திருந்தார். கேண்டீனில் இட்லியை வைத்துக்கொண்டு அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவரிடம் என்னவென்று கேட்டேன். காலையில் நேரடியாகவே கேட்டுவிட்டாராம். ஒளிவுமறைவு வேண்டாம், ஒரே ஒரு தபா பாடிக் கொடு, ஆபரேஷனுக்கு முன்னால் ஒன்று இருக்கட்டும் என்று.

அதற்கு ரமாபாய் சொன்னதை அப்படியே சொன்னார்: "அது இன்னா என் பாட்டாய்யா? நீ பாடுனதுதான? யார்தோ பாட்ட கேக்குற மாரி என்னாண்ட கேக்குற."

பீம்ராவுக்குப் புரியவில்லை. ரமாபாய் விளக்கியிருக்கிறார். கல்யாணமான புதிது, வியாசர்பாடியில் மாமனார் வீடு, ஒரே அறை. காலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் வாளியோடு நின்றுகொண்டு பீம்ராவ் அந்தப் பாட்டை உரக்கப் பாடுவாராம். மேடையிலிருந்து இறக்கிவிடப்பட்டதற்கு முந்திய காலம். ரமாபாய் வெளியே வரக் கூச்சப்பட்டு உள்ளேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

"அந்த வூட்ல எனக்கு தெரிஞ்ச கொரலு அது ஒன்னுதான். சினிமா பாட்ட அப்பால எத்தினியோ தபா கேட்டேன். அவங்கதான் தப்பா பாடுற மாரி இருந்துச்சி" என்றாராம்.

இதைச் சொல்லிவிட்டுப் பீம்ராவ் இட்லித் தட்டைத் தள்ளிவைத்தார். அவருக்கு அந்தக் காலைகள் நினைவிலேயே இல்லை. ஆனால் பாட்டின் அந்த இடம் எதனால் அப்படி ஆகியிருக்கும் என்பது மட்டும் உடனே தெரிந்துவிட்டது.

"மேல போவறதுக்கு தம்மு பத்தல நைனா. அதான் கீய எறங்கி, நின்னு, மூச்சி இஸ்துக்கினு போயிக்கீறேன். தடுக்கி வுய்ந்தது. அத்தப் போயி இத்தினி வர்சமா ஊரு பூரா சொல்லிக்கினு இர்ந்தனே."

சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்து அந்த யோசனையைக் கைவிட்டேன். யார்டில் சங்கு ஊதியது, எழுந்து போனார். பதிவு நடக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி ஆபத்தில்லாதது என்று ரிப்போர்ட் வந்தது. ஆனால் பீம்ராவின் காதில் விழுந்த வார்த்தைதான் பலித்தது. ரமாபாயின் குரல் மணலில் காலை இழுத்து நடப்பதுபோல் ஆகிவிட்டது. சில மாதத்தில் திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. பச்சையம்மாவோடு சண்டைபோடக்கூடக் காற்றுப் போதவில்லை என்பதால் அந்தப் பகுதியில் சில வாரங்கள் அமைதி நிலவியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போயிருந்தேன். இருவரும் கீழே பம்ப்படியில் இருந்தார்கள். ரமாபாய் கையை வீசி எந்தப் பாரமான வேலையும் செய்யக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் பீம்ராவ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் வரிசையில் ஒரே ஆம்பிளை. வண்டியில் பெட்டி தூக்குகிற கைக்கு ஒரு பம்ப்பு அடிக்கத் தெரியவில்லையே என்று பச்சையம்மா கேலி செய்துகொண்டிருந்தார். கழுத்தைச் சுற்றி முந்தானையைப் போட்டு ரமாபாய் குடத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தார். தண்ணீர் நிற்கப் போகிற நேரம். நூலாகத்தான் வந்தது. பின்னால் இன்னும் ஏழெட்டுக் குடம் காத்திருந்தது.

பம்ப்பு சீராக விழ ஆரம்பித்ததும், பழக்கம்தான், ரமாபாய் தன்னையறியாமல் பாட ஆரம்பித்தார். பல்லவி தேறியது. சரணத்தின் முதல் இரண்டு அடியும், கீழ்க்குரலில், எப்படியோ தேறின. மூன்றாவதில் இறங்கி, நின்று, தாவினார். காற்று மட்டும் வந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. இன்னொரு முறை முயன்றுபார்த்து நிறுத்திக்கொண்டு, துடைக்கத் தேவையில்லாத குடத்தின் கழுத்தைத் துடைத்தார். பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பச்சையம்மாகூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பீம்ராவ் அடிப்பதை நிறுத்தவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை. குடத்தைப் பார்த்துக்கொண்டே, விட்ட இடத்திலிருந்து, அந்தக் கீழ்ப் படியிலிருந்து, பாட ஆரம்பித்தார். மோசமான குரல். இதை மறைப்பதற்கில்லை. அன்று மேடையிலிருந்து இறக்கிவிட்டவர்கள் மேல் தப்பே சொல்ல முடியாது. பம்ப்புச் சத்தத்தில் பாதி அமுங்கிப்போனது. வரிசையில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. அவர் மூச்சை இழுத்துக்கொண்டு அந்தத் தாவலுக்குத் தயாரானார்.

ரமாபாய் குடத்தை விட்டுவிட்டு, எட்டி, பம்ப்பின் கைப்பிடியைப் பிடித்தார். குடம் பாதிதான் நிறைந்திருந்தது. பம்ப்புச் சத்தம் நின்றது. தண்ணி நின்னுடப் போவுது என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். ரமாபாய் புருஷனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.